நஞ்சை முறிக்கும் நூலகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் நான்கு பாம்புகளுக்குப் பெரிதும் அஞ்சுவர். வயல்வரம்பிலே கண்ணாடி விரியன், வேலியோரத்திலே நாகம், இரவில் வீட்டினுள் நுழைந்து, தரையிற் பாய்விரித்து உறங்குவோரைத் தீண்டும் எட்டடி விரியன், வறண்ட மணற்பாங்கிலே சுருட்டை விரியன். விடகடி வைத்தியம் இங்கு தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வந்த கலை. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நிறுவி, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆயினும் பாம்பின் நஞ்சை முறிக்கும் மருந்து அக்காலத்து மேனாட்டு வைத்தியரிடமும் இருக்கவில்லை. கிறீன் 1884இல் மறைந்தார். அம்மருந்து பிறந்தது அதற்குப் பத்து ஆண்டுகளின் பின்னரே.

உடலினுள் அந்நியப் பொருளொன்று புகுந்தால், அதனைப் பற்றிப்பிடித்துச் செயலிழக்கச் செய்யும் புரதங்களைக் குருதி ஆக்குகின்றது. இவற்றைப் பிறபொருளெதிரிகள் என்பர். பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போல, ஒவ்வோர் எதிரியும் தனக்குரிய பொருளையே பற்றும். விலங்கொன்றின் குருதியில் உண்டான இந்த ஆற்றலை இன்னோர் உயிருக்கு மாற்றலாம் என்பதை 1890இல் பேர்லினிலே பேறிங்கும் கிற்றசாற்றோவும் காட்டினர். அதே வழியைப் பின்பற்றி, 1894இல் பாரிஸில் கல்மெற் என்பார் பாம்பு நஞ்சுக்கு மாற்றுக் கண்டார். நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, பின்னர் அதன் குருதிநீரைப் பிரித்தெடுத்து மருந்தாக்குவதே அம்முறையாயிற்று.

நாகத்தின் நஞ்சுக்குச் செய்த மருந்து எல்லாப் பாம்புகளுக்கும் பயன்படும் எனக் கல்மெற் கருதினார். அவுஸ்திரேலியாவில் மாட்டினும் பிரேசிலில் விற்றல் பிரசீலும் அக்கருத்தை மறுத்தனர். எந்தப் பாம்பின் நஞ்சு குதிரைக்கு ஏற்றப்பட்டதோ, அந்தப் பாம்புக்கே மருந்து சிறப்பாக உதவும் என்பது தெளிவாயிற்று. இலங்கைக்கு இது முக்கியமான செய்தி. ஏனெனில் இங்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மருந்து, இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு இந்தியாவிற் செய்யப்படுவது. அந்நஞ்சிற் பெரும்பகுதியைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் அமைந்த இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கிவந்திருக்கின்றது.

இம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. எனினும் குதிரையின் புரதம் மனித உடலுக்கு அந்நியமே. இலங்கை மருத்துவமனைகளில் 1,007 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஓர் ஆய்விலே, நால்வரில் மூவர்க்கு மருந்தின் ஒவ்வாமை விளைவுகள் தோன்றின. நஞ்சை முறிக்க வந்த மருந்தே நோயாளியின் மூச்சைத் திணறச் செய்யும் வேளையும் உண்டு. அப்படியாயின் மனிதனுக்கு மனிதப் பிறபொருளெதிரியையே கொடுத்தால் என்ன? ஆனால் மனிதனுக்கு நஞ்சேற்றிக் குருதி எடுத்தல் முறையன்று. வேறு வழி வேண்டியிருந்தது.

அவ்வழி 1985இல் அமெரிக்காவிலே திறந்தது. பற்றீரியாவைத் தாக்கும் வைரசின் பரம்பரைப் பொருளில் ஒரு துணுக்கைச் சேர்த்தால், அதற்குரிய புரதத்தை அவ்வைரசு தன் மேற்புறத்தில் ஏந்தி நிற்கும் என ஜோர்ஜ் சிமித் கண்டார். 1990இல் கேம்பிரிட்ஜிலே கிறெகரி வின்ரரும் உடனாய்வாளரும் பிறபொருளெதிரியின் பகுதியையே அவ்வாறு ஏந்தச் செய்தனர். இப்படிக் கோடிக்கணக்கான எதிரிகளை ஒருங்கே சேர்த்து வைத்த தொகுதிக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் நூலகம். யாழ்ப்பாணத்தார்க்கு நூலகத்தின் அருமையை எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை. இந்நூலகத்தில் ஒவ்வோர் ஏடும் ஓர் எதிரி. அதை ஆக்கும் குறிப்பும் அதனுடனேயே இருக்கும். வேண்டிய பொருளைத் தூண்டிலாக இட்டால், பொருந்திய ஏடு அதனோடு ஒட்டிக்கொள்ளும், ஏனையவை கழுவப்படும். இம்முறையாற் பெற்ற அடலிமுமாப் என்னும் மூட்டுவாத மருந்து 2002இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. சிமித்தும் வின்ரரும் 2018இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

2024இலே இத்தேடல் பாம்பு நஞ்சை நாடி வந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தாரும் அமெரிக்காவின் ஸ்கிறிப்ஸ் நிலையத்தாரும், மனிதப் பிறபொருளெதிரிகளின் செயற்கை நூலகமொன்றை மதுவக் கலங்களில் ஏந்தச் செய்து துருவினர். நாகம், எட்டடி விரியன், ஆபிரிக்க மாம்பா ஆகியவற்றின் இனங்களுக்குப் பொதுவான ஒரு நரம்பு நஞ்சைப் பற்றும் எதிரி அகப்பட்டது. வெவ்வேறு நாட்டுப் பாம்புகளின் நஞ்சிலிருந்து அது சுண்டெலிகளைக் காத்தது. கல்மெற் கண்ட கனவின் ஒரு பகுதி, 130 ஆண்டுகளின் பின் இவ்வாறு நனவாயிற்று.

ஒரு பகுதியே என்பதை மறத்தலாகாது. அவ்வெதிரி மனிதரிடத்துப் பயன்படும் மருந்தாக இன்னும் வரவில்லை. மேலும், கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் குருதியின் உறைதலைக் கெடுப்பவை. அவற்றின் நஞ்சு வேறு, அதற்குரிய திறவுகோலும் வேறு. ஆண்டுதோறும் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாவதாக மதிப்பிடப்பட்ட நாடு இலங்கை. ஆகவே கடியுண்டவரை அசையாது வைத்து, கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், விரைந்து மருத்துவமனை சேர்ப்பதும் குதிரை தந்த மருந்தும் இன்றும் உயிர்காக்கும் வழிகள். நூலகம் திறந்திருக்கின்றது. அதனுள் இடப்படும் தூண்டில்களில் குடாநாட்டு விரியன்களின் நஞ்சும் இடம்பெற்றாலன்றி, அந்நூலகத்தின் பயன் நம் வயல்வரம்பை வந்தடையாது.