கொல்லைப்புறம் இல்லாத வீடு: ஊவாத் தோட்டங்களில் ஒரு கோழிக் கதை

தோட்ட வரலாறு என்றதும் கோப்பி, தேயிலை, கங்காணி, துரை, 1948 குடியுரிமைச் சட்டம், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் என்று ஒரு வரிசை நம்ம மனசுல ஓடும். பாடசாலையில படிச்சது, மே தின மேடையில கேட்டது எல்லாம் அந்த வரிசையிலதான் இருக்கு. இந்தக் கட்டுரையில் நாங்கள் வேறு பக்கமிருந்து வருகிறோம். லயத்து வாசலில் கிளறிக்கொண்டு திரியும் கோழியின் பக்கமிருந்து.

சிரிக்காதீங்க. ஒரு கோழி வளர்க்க என்ன வேண்டும்? கொஞ்சம் குருணை, மிச்சச் சோறு, ராத்திரிக்கு அடைக்க ஒரு கூடு. இதுக்கெல்லாம் பெரிய காசு வேண்டாம். ஆனால் கிளறுவதற்குக் கொஞ்சம் மண் வேண்டும். அந்த மண் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். பதுளை, பசறை, பண்டாரவளை, ஹல்துமுல்லை மலைகளில் யாருக்கு வீடு இருந்தது, யாருக்கு இல்லாமல் போனது என்ற கதை முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதுகோடு முதுகு ஒட்டிய லயம்

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது லயக் காம்பரா. 1869இல் கோப்பியை இலைநோய் பிடித்த பிறகு மலைகள் தேயிலைக்கு மாறின. 1924இல் ரயில் பதுளை வரை வந்தது. எல்லாம் மாறியது, காம்பரா மாறவில்லை. 10 அடிக்கு 12 அடி, முன்னால ஒரு இஸ்தோப்பு. பல தோட்டங்களில் இரட்டை லயம் கட்டினார்கள். இரண்டு வரிசைக் காம்பராக்கள், நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கத்துக் குடும்பத்தின் பின்சுவர்தான் அந்தப் பக்கத்துக் குடும்பத்துக்கும் பின்சுவர். பின்கதவு கிடையாது. பின்ஜன்னலும் கிடையாது.

அதாவது, கொல்லைப்புறம் என்ற ஒன்றே அந்த வீட்டில் இல்லை. விட்டுவந்த ஊரில் கொல்லையில்தான் முருங்கை நின்றது, கோழிக்கூடு இருந்தது, கழுவிய தண்ணி போய் வாழைக்கு விழுந்தது. இங்கே எல்லாவற்றையும் வாசலிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. கோழியும் முன்னால் வந்தது. இஸ்தோப்பு மூலையில் பலகைக் கூடு, இல்லாவிட்டால் காம்பராவுக்குள் கவிழ்த்த கூடை. பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு நாலடி தள்ளி அடைக்கோழி.

அந்த வாசலும் சொந்தம் இல்லை. கோழியோ, ஆடோ, நாலு கீரைப் பாத்தியோ, எல்லாம் துரையின் தயவு. காம்பராவே வேலையோடு கட்டப்பட்டது. செக்ரோலில் பேர் இருந்தால் கூரை உண்டு. பேரை வெட்டிப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் வேலையும் வீடும் ஒரே நாளில் போகும். இந்த ஒரு விதியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாத் துயரத்துக்கும் இதுதான் வேர்.

முட்டைக் காசு

இத்தனைக்கும் நடுவில் கோழி வளர்ந்தது. வளர்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடிகாலையில் பெரட்டுக்கு ஓடுவதற்கு முன் கூட்டைத் திறந்து விடுவார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிறகு பொழுது சாயும்போது எண்ணி அடைப்பார்கள். ஒன்று குறைந்தால் லயம் முழுக்கத் தேடுவார்கள். கீரி தூக்கியதா, பருந்தா, மரநாயா என்று ஒரு விசாரணையே நடக்கும். வெள்ளைக்கழிச்சல் வந்த வாரத்தில் விசாரணைக்கே வேலையில்லை. ஒரு லயத்துக் கோழிகள் மொத்தமும் போய்விடும்.

முட்டையில் ஒரு பங்கு பிள்ளைக்கு, ஒரு பங்கு அடை வைக்க, மிச்சம் கடைக்கு. அந்தக் கடைக்காசு சின்னதுதான். ஆனால் அதன் இடம் பெரியது. தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தையும் கணவனே கைநீட்டி வாங்குவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளியவளின் கைக்கு நேராக வந்து சேர்ந்த காசு என்று சொல்ல முட்டைக் காசு மாதிரிச் சிலதுதான் இருந்தன. பிள்ளையின் கொப்பி, சாயந்தர பஸ், சாமிக்குக் கற்பூரம் எல்லாம் அதிலிருந்து வந்தன.

சேவலுக்குத் தனி மரியாதை. தேயிலைச் செடியை வெட்டும் பருவம் தொடங்கும்போது கவ்வாத்துச் சாமிக்குச் சேவல் அறுப்பது மலையக வழக்கம். கத்தி காலில் படக்கூடாது, வெட்டிய செடி திரும்பத் துளிர்க்க வேண்டும் என்ற வேண்டுதல். தேயிலை ஸ்டோரில் இயந்திரச் சக்கரத்துக்கு ரோதமுனி என்று ஒரு சாமியே உண்டு. கம்பெனியின் மலையும் கம்பெனியின் இயந்திரமும் ஆளைக் காவு வாங்காமல் இருக்கத் தொழிலாளி தன் வீட்டுச் சேவலைக் கொடுத்தான். கணக்குப் பார்த்தால் யார் யாருக்குக் கொடுத்தது என்று யோசிக்க வைக்கும் வழக்கம்தான் இது.

கோழியை விற்றுவிட்டுப் போன வருடங்கள்

1973, 1974. உலகச் சந்தையில் அரிசி, மா விலை ஏறி, இலங்கையில் பங்கீடு சுருங்கியது. நாட்டுப்புறத்துச் சிங்கள, தமிழ்க் குடும்பங்களுக்குக் கொஞ்சம் வயலோ, மரவள்ளி நட ஒரு துண்டு நிலமோ இருந்தது. தோட்டத்தில் வாங்கித்தான் சாப்பிட வேண்டும். காணிச் சீர்திருத்தம் என்று 1972லும் 1975லும் தோட்டங்கள் கைமாறிய காலமும் இதுதான். வேலை நாட்கள் குறைந்தன. 1974இல் தோட்டப்புறத்தின் இறப்பு விகிதம் நாட்டின் சராசரியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. மலைநாட்டு நகரங்களின் தெருவில் தோட்டத்துக் குடும்பங்கள் கையேந்தி நின்றன.

இந்த நாட்டின் அந்நியச் செலாவணியை உழைத்துக் கொடுத்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் படுத்தார்கள். அவர்களைப் பிச்சைக்காரர் என்று பதிந்த ஊர், வீடிழந்தவர் என்று பதியவில்லை. காரணம், பேர் வெட்டப்பட்ட நாளிலிருந்து அவர்களுக்கு வீடு இருந்ததற்கான அத்தாட்சியே இல்லை.

அதன் பிறகு 1977, 1981, 1983 வன்முறைகள். 1983 ஜூலையில் பதுளை நகரமும் எரிந்தது. மலையகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. அங்கே அவர்களுக்குக் கைகொடுத்தவற்றில் முக்கியமானது காந்தியம். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் 1970களின் பின்பாதியில் தொடங்கிய அமைப்பு அது. முன்பள்ளி, பிள்ளைகளுக்குப் பால், தொண்டர் பயிற்சி என்று நடத்தியதோடு, வந்த குடும்பங்களை நிலத்தில் குடியேற்றியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பினார்.

காந்தியத்தின் அரசியலைப் பற்றிப் பேசப் பல இடங்கள் உண்டு. எங்களுக்கு இங்கே முக்கியமாகப் படுவது ஒன்றுதான். வீடிழந்தவருக்குச் சோற்றுப் பார்சலோடு நிலமும் வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். விதைக்க, வளர்க்க, முட்டையிட வைக்க நிலம்.

மீரியாபெத்தைக்குப் பிறகு

2014 ஒக்டோபர் 29, காலை. கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து உண்டு, மக்களை இடம்மாற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. போவதற்கு இடம் யாரிடமும் இல்லை.

உதவி வந்தது. நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. அரிசி, உடுப்பு, பாய், பால்மா. பாடசாலைகளில் தங்கினார்கள். பிறகு பண்டாரவளைப் பக்கம் கைவிடப்பட்டிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். 2016இல் மாகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அதுவரை ஏறக்குறைய இரண்டு வருடங்கள். தொழிற்சாலைத் தளத்தில் கோழி கிளறுமா? சீமெந்தில் என்னத்தைக் கிளறுவது? 2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலையில் மறுபடி மண் சரிந்தது. மறுபடி லயங்கள், மறுபடி முகாம்.

2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. ஏழு வாரத்துக்குள் டிட்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் அதிகம் அடிபட்ட இடங்களில் ஒன்று.

எங்களில் சிலர் அந்த டிசம்பரில் முகாம்களுக்குப் பொருட்கள் கொண்டு போனோம். கையில் பட்டியல் இருந்தது: பெயர், வயது, பிள்ளைகள், மருந்து, உடுப்பு அளவு. ஒரு பாட்டி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு எங்களிடம் திருப்பிக் கேட்டார்: "தம்பி, மேல போற ஆளு யாராச்சும் இருக்காங்களா? கோழிய அடை வச்சிருந்தேன். பதினெட்டு நாளாச்சு. இன்னும் மூணு நாள் இருந்தா பொரிச்சிருக்கும்."

பட்டியலில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டோம்.

7 பேர்ச்சஸ் கணக்கு

ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1,906 சதுர அடி. இந்திய உதவித் திட்டத்தில் கட்டிய வீடு 550 சதுர அடி. பாதை, மலசலகூடக் குழி, சரிவு என்று கழித்த பிறகும் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் மிஞ்சும். 10 பேர்ச்சஸ் என்றால் இன்னும் மிஞ்சும். வெளியாட்களுக்கு இது ஒரு சின்ன வளவு. முதுகோடு முதுகு ஒட்டிய லயத்தில் நாலு தலைமுறை இருந்தவர்களுக்கு இது முதல் பின்கதவு.

அதனால்தான் 7ஆ, 10ஆ, 20ஆ என்ற சண்டையைச் சின்னச் சண்டை என்று நாங்கள் நினைக்கவில்லை. மூன்று பேர்ச்சஸ் வித்தியாசத்தில் ஒரு கோழிக்கூடும் ஒரு கத்தரிப் பாத்தியும் இருக்கின்றன. 2022 நெருக்கடியில் முட்டை விலை எகிறி, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கும் நிலை வந்தபோது, வாசலில் நாலு கோழி நின்ற வீட்டுப் பிள்ளை முட்டை சாப்பிட்டது. பெரிய பண்ணைகள் தீனியில்லாமல் தடுமாறின. 2021 இரசாயன உரத் தடையால் சோளம் விழுந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்தச் சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பதுளையும் மொனராகலையும் அடக்கம். தீனி விளைவதும் ஊவாவில்தான், முட்டை எட்டாமல் போனதும் ஊவாவில்தான்.

காணி மட்டும் போதாது என்பதும் உண்மை. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் ஒரு பிரிவு, பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்வதைத் தடுத்து வைத்திருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். தெரு விளக்கே அப்படித் தாமதமாக வந்த இடத்தில், கோழித் தடுப்பூசி போட ஆள் வருவார் என்று யார் எதிர்பார்ப்பது?

கோழி கொடுத்தால் போதுமா?

2016இல் பில் கேட்ஸ் ஏழை நாடுகளுக்கு 1 லட்சம் கோழிகள் தருவதாகச் சொன்னார். பொலிவியா கோபத்தோடு மறுத்தது. தங்கள் நாட்டில் வருடத்துக்குக் கோடிக்கணக்கில் கோழி உற்பத்தியாகும்போது, யாரைக் கேட்டு இந்தத் தர்மம் என்றது. உதவி செய்யப் போகும் நாம் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம் அது. கேட்காமல் கொடுத்தால் பெறுபவரின் தலை குனியும்.

அமெரிக்காவில் 1944இல் தொடங்கிய ஹெய்ஃபர் அமைப்பு வேறொரு வழி வைத்திருக்கிறது. விலங்கைப் பெற்ற குடும்பம் அதன் முதல் குட்டியை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். பெற்றவர் கொடுப்பவராக மாறுகிறார். நமக்கு இது அந்நியமான யோசனை இல்லை. வளர்க்கக் கொடுத்து ஈற்றில் பாதி வாங்கும் வாரம் என்ற வழக்கம் தமிழ்க் கிராமங்களில் எப்போதோ இருந்தது.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று. முகாமுக்குப் போகும் எந்தக் குழுவும் தன் பட்டியலில் "என்ன வளர்த்தீர்கள்?" என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். தற்காலிகக் கொட்டகை போடும்போது, கூடு வைக்க ஆறடி மண்ணையும் சேர்த்து அளக்கட்டும். புதிய வீட்டுத் திட்டம் எதுவானாலும், பாதுகாப்பான இடத்தில், குடும்பத்தின் பேரில், பின்கதவோடு கட்டட்டும். அந்தப் பேர் பெண்ணின் பேராகவும் இருக்கட்டும்.

1974இல் தெருவுக்கு வந்தவர்களை யாரும் வீடிழந்தவர் என்று எண்ணவில்லை. 2014இல் எண்ணினார்கள், கூரைக்கு இரண்டு வருடம் எடுத்தார்கள். டிட்வாவில் வீடிழந்தவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. உங்கள் ஊரில் முகாம் இருந்தால், அடுத்த முறை போகும்போது அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும். உட்கார்ந்து கேளுங்கள்.