பெட் ஸ்கேன் படம் எப்படி உருவாகிறது?

மட்டக்களப்பிலிருந்து மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: “அந்த மருந்தை இங்கே கொண்டுவந்தால் என்ன?” அதிலுள்ள புளோரின்-18 இன் அரைவாழ்வு ஏறத்தாழ 110 நிமிடம். ஆறு மணி நேரப் பயணத்தில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். அதனால் நோயாளிதான் பயணிக்கிறார்.

புற்றுக் கலங்கள் பெரும்பாலும் இந்தக் கதிரியக்கக் குளுக்கோசை அதிகம் உறிஞ்சும். அங்கிருந்து இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். பழைய கருவிகளுக்கு அவை சென்ற கோடு மட்டுமே தெரியும்.

வாவி நடுவிலிருந்து இரண்டு தோணிகள் ஒரே வேகத்தில் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் புறப்பட்டால், எது எவ்வளவு முந்தியது என்பதை வைத்துப் புறப்பட்ட இடத்தைச் சொல்லலாம். பறப்பு நேர முறையும் அதுவே. நேரத்தை 400 பிக்கோசெக்கன் துல்லியத்தில் அளந்தால் இடம் சுமார் 6 சென்ரிமீற்றருக்குள் அடங்கும்; 200 என்றால் 3.

பிறகு கணினி ஒரு படத்தை ஊகித்து, அளவீட்டுடன் ஒப்பிட்டு, மீண்டும் மீண்டும் திருத்தும். 1982இல் ஷெப், வார்டி இருவரும் தந்த வழி இது. 1994இல் ஹட்சன், லார்கின் தரவைப் பகுதிகளாகப் பிரித்து அதை வேகமாக்கினர். பறப்பு நேரமும் சேர்ந்தால் இரைச்சல் குறையும். பருத்த உடலில் பயன் கூடுதல்.

ஒன்றைக் கவனியுங்கள்: அழற்சியும் படத்தில் ஒளிரும். கணிப்பு முறை மாறினால் அறிக்கையின் எண்களும் மாறும். எனவே பழைய படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்; எண்ணைப் பார்த்து நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.