வாக்காளர் பட்டியலில் யார்? ஈழப் பொதுவாக்கெடுப்பும் சேரியின் கேள்விகளும்

2013 மார்ச் 27 அன்று தமிழக சட்டமன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. இலங்கையில் வாழும் தமிழர்களிடமும், இடம்பெயர்ந்து பிற நாடுகளில் வாழும் இலங்கைத் தமிழர்களிடமும் தனி ஈழம் குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடத்த ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் இந்தியா தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்பது அதில் இருந்த முக்கியமான கோரிக்கை. முதல்வர் ஜெயலலிதா முன்மொழிந்தார். அதற்கு எட்டு நாட்கள் முன்பு, மார்ச் 19இல், திமுக மத்திய அரசிலிருந்து வெளியேறியிருந்தது.

இந்தத் தீர்மானத்தைக் கட்சிகள் தாமாக எழுதிவிடவில்லை. மார்ச் 8 அன்று சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். சிறுவன் பாலச்சந்திரன் கொல்லப்படுவதற்கு முன்பும் பின்பும் எடுக்கப்பட்ட படங்கள் வெளியாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. அரசு கல்லூரிகளைக் காலவரையின்றி மூடியது. மாணவர்களின் முழக்கத்தில் இருந்த ‘பொதுவாக்கெடுப்பு’ என்ற சொல் அந்த மாதத்தில்தான் தெருவுக்கு வந்தது.

தாம்பரத்துக்கு இந்த விவகாரம் ஏற்கெனவே வாசல்வரை வந்திருந்தது. 2012 ஜூலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி அளிக்கப்படுவது தெரியவந்து, எதிர்ப்பு கிளம்பி, அவர்களை பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றினார்கள். ஆகவே இரும்புலியூரிலும் கடப்பேரியிலும் பல்லாவரத்திலும், பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலிலும் ஈழப் பேச்சு புதிது அல்ல. 2013இல் புதிதாக வந்தது, ‘ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம்’ என்ற யோசனை. ஓட்டு என்றதும் எல்லோருக்கும் கருத்து வந்துவிட்டது.

நாங்கள் வேலை செய்யும் காலனிகளில் அப்போது எழுந்த கேள்விகள் மேடைகளில் கேட்டவற்றைவிடக் கூர்மையானவை. “ஏம்பா, தனி நாடு வந்தா அங்க சேரி இருக்குமா, இருக்காதா?” என்று கேட்டவர் ஒரு துப்புரவுப் பணியாளர். “மொதல்ல உசுரு மிஞ்சட்டும்மா, மத்தத அப்புறம் பேசிக்கலாம்” என்று பதில் சொன்னவன் கல்லூரி மாணவன். அவனும் அதே தெருப் பிள்ளைதான். ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி ஒருவர் வேறு மாதிரி கேட்டார்: “எங்க சின்னத் தாத்தா கண்டிச்சீமைக்குப் போனவரு. அவரு பேரப்புள்ளைங்களுக்கு அந்த ஓட்டு உண்டா?”

இந்தக் கேள்விகள் சும்மா வரவில்லை. நான்கு மாதங்களுக்கு முன்புதான், 2012 நவம்பர் 7 அன்று, தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. கொளுத்தியவர்களும் தமிழர்கள், வீடு இழந்தவர்களும் தமிழர்கள். ‘தமிழர்களிடம் வாக்கெடுப்பு’ என்று சொன்னால், எந்தத் தமிழர் என்று சேரி கேட்கத்தான் செய்யும். அப்படிக் கேட்டவர்களை ‘இனத்துரோகி’ என்றவர்களும் உண்டு. நாங்கள் அந்தக் கேள்விகளை வரலாற்றிடம் கொண்டுபோகிறோம்.

யார் ஓட்டுப் போடலாம் என்ற விவாதத்துக்கு இந்த மண் பழக்கப்பட்டதுதான். செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்று தனித்தொகுதி கேட்டார். பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜா 1932இல் கூட்டுத்தொகுதி போதும் என்று மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்தார். இருவரும் நம்மவர்கள். வாக்குரிமையின் வடிவம்தான் நம் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

இனி வாக்கெடுப்புகளைப் பார்ப்போம். நமக்கு மிக அருகில் நடந்தது புதுச்சேரி கீழூரில். பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவுடன் இணைவதா என்று 1954 அக்டோபர் 18இல் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் பிரதிநிதித்துவ சபை, நகராட்சி உறுப்பினர்கள் 178 பேர். 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. முடிவு சரியானதாக இருக்கலாம். ஆனால் புதுச்சேரிச் சேரி மக்களிடம் யாரும் சீட்டு நீட்டவில்லை.

1947 ஜூலை 6, 7 தேதிகளில் சில்ஹெட்டில் நடந்தது இன்னும் வலிக்கும் கதை. அசாமில் இருப்பதா, கிழக்கு வங்கத்தோடு பாகிஸ்தானுக்குப் போவதா என்பது கேள்வி. பாகிஸ்தான் பக்கம் 2,39,619 ஓட்டு, எதிராக 1,84,041. வித்தியாசம் 55,578. அந்த மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஆதிவாசிகளும் தலித்துகளுமாகப் பெருந்தொகைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். ‘நிலையாகத் தங்காதவர்கள்’ என்று சொல்லி அவர்களுக்கு ஓட்டு இல்லை என்றார்கள். தலைமுறையாகக் கொழுந்து பறித்த மண்ணின் எதிர்காலம், அவர்களைக் கேட்காமலே முடிவானது. தலித்துகள் பாகிஸ்தானை ஆதரிக்க வேண்டும் என்று அங்கே பிரச்சாரம் செய்த ஜோகேந்திரநாத் மண்டல், அந்நாட்டின் அமைச்சராகி, 1950இல் மனம் வெறுத்து ராஜினாமா செய்து இந்தியா திரும்பினார்.

சில்ஹெட் தோட்டத்தில் நடந்ததே அடுத்த ஆண்டு இலங்கைத் தோட்டத்தில் நடந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. அவர்களில் பெரும்பகுதி தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட பள்ளர், பறையர், அருந்ததியர். யாழ்ப்பாணத் தலைமையில் ஒரு பகுதி இதற்குத் துணைபோனது. அதை எதிர்த்துப் பிரிந்துதான் செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களிடம் எந்த வாக்கெடுப்பும் நடத்தவில்லை.

தனி ஈழத்துக்கான மக்கள் ஆணை என்று சொல்லப்படுவது 1977 ஜூலைத் தேர்தல். 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்துப் போட்டியிட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களில் வென்றது. அந்தத் தீர்மானத்தை நம் தோழர்கள் ஒருமுறையாவது முழுதாக வாசிக்க வேண்டும். தமிழீழத்தில் சாதி ஒழிக்கப்படும், தீண்டாமை சட்டப்படி தண்டிக்கப்படும் என்று அதில் தனிப் பிரிவே இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வடக்கு கிழக்குக்கு வெளியே வாழ்வதால் தனி நாட்டுக் கோரிக்கையில் தங்களுக்குத் தயக்கம் உண்டு என்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் சொன்னதும் அதிலேயே பதிவாகியிருக்கிறது. துப்புரவுப் பணியாளர் கேட்டதற்கும் ரயில்வே தொழிலாளி கேட்டதற்கும் 1976லேயே காகிதத்தில் இடம் இருந்திருக்கிறது.

சாதி ஒழிப்புப் பிரிவு தானாக முளைத்ததும் அல்ல. 1966 அக்டோபர் 21 சுன்னாகம் ஊர்வலத்திலிருந்து தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நுழைவுக்காக யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்கள் அடிபட்டும் உயிர்கொடுத்தும் போராடினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் அவர்களை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி.சுந்தரலிங்கம். தனி ஈழம் வேண்டும் என்று முதன்முதலில் குரல் எழுப்பியவர்களில் ஒருவரும் அவரே. தனி நாடு கேட்ட வாயாலேயே கோயிலுக்குள் வராதே என்றும் சொல்ல முடிந்திருக்கிறது. எனவே ‘சுதந்திரம் வந்தால் சாதி தானாகப் போய்விடும்’ என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. பதினேழாம் சட்டப்பிரிவு இருக்கும் இந்தியாவில் வாழ்கிற நமக்கு அது நன்றாகவே தெரியும்.

இதற்காக வாக்கெடுப்பே வேண்டாம் என்று சொல்கிறோமா? இல்லை. 1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம் தனி நாடு கேட்பதையே இலங்கையில் குற்றமாக்கிவிட்டது. பேசவே கூடாது என்ற இடத்தில் மக்கள் விருப்பத்தை எப்படி அறிவது? அங்கே தேசிய அளவில் நடந்த ஒரே வாக்கெடுப்பு, 1982 டிசம்பர் 22இல் நாடாளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே நீட்டிக்க ஜெயவர்த்தனா நடத்தியது. விளக்குச் சின்னம் ஆம், பானைச் சின்னம் இல்லை. நாடு முழுக்க 54.66 விழுக்காட்டில் விளக்கு வென்றது. யாழ்ப்பாணம் பானைக்குக் குத்தித் தள்ளியது. ஆட்சியாளர் தமக்குத் தேவை என்றால் வாக்கெடுப்பு நடத்துவார். மக்கள் கேட்டால் சட்டவிரோதம்.

முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு புலம்பெயர்ந்தோர் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் மீது தாமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2009 டிசம்பரில் பிரான்சிலும் கனடாவிலும், 2010 ஜனவரியில் பிரிட்டனிலும் 99 விழுக்காட்டுக்கு மேல் ஆம் என்றார்கள். நேர்மையான முயற்சி. ஆனால் டொராண்டோவில் இருந்தவருக்குக் கிடைத்த வாக்குச்சீட்டு, தமிழக முகாம்களில் பத்துக்குப் பத்து அறையில் கிடந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த முகாம்களில் மலையக வம்சாவளியினர் கணிசமாக இருக்கிறார்கள். அரசு 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அம்பேத்கர் பாகிஸ்தான் பற்றிய தம் நூலில் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். பிரிவினையை முடிவு செய்ய வேண்டியவர்கள் மக்கள்தான் என்றார். அதோடு நிற்கவில்லை: முஸ்லிம்களிடம் ஒரு வாக்கெடுப்பு, அதே பகுதியில் வாழும் முஸ்லிம் அல்லாதவர்களிடம் தனியாக ஒரு வாக்கெடுப்பு என்று சட்ட வரைவே எழுதினார். பெரும்பான்மையின் ‘ஆம்’ சிறுபான்மையை விழுங்கிவிடக் கூடாது என்ற கவலை அதில் இருக்கிறது. 1947இல் அதை யாரும் காதில் வாங்கவில்லை.

எனவே எங்கள் நிலைப்பாடு இது. ஈழத்தமிழரின் தன்னுரிமைக்கு நாங்கள் ஆதரவு; பொதுவாக்கெடுப்புக்கும் ஆதரவு. ஆனால் மலையகத் தமிழரும், தமிழக முகாம்களில் இருப்போரும், 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களும் அந்தக் கேள்வி எழுதப்படும் மேசையிலேயே இருக்க வேண்டும். சாதி ஒழிப்புப் பிரிவை நடைமுறைப்படுத்துவது யார், எப்படி என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே சொல்ல வேண்டும். ஈழத்துக்காகக் குரல் கொடுக்கும் தமிழகக் கட்சிகள், நத்தம் காலனி எரிந்தபோது எங்கே நின்றன என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை யாராவது ‘தமிழர்களிடம் கேளுங்கள்’ என்று முழங்கினால், தோழர்களே, பட்டியலை வாங்கிப் பாருங்கள். அதில் சேரியின் பெயரும் லயத்தின் பெயரும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிச் சண்டை போடுங்கள். அது இனத்துரோகம் ஆகாது.

ஜெய்பீம்.