வீடு தேடி வந்த நரம்பு ஊசி

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கு நுரையீரலில் சளி பிசினாய்க் கட்டிக்கொள்ளும். அதில் கிருமி குடியேறும். நாள்கணக்கில் நரம்பு ஊசி, அதற்காகவே ஆஸ்பத்திரிப் படுக்கை. கொஞ்ச காலத்தில் மறுபடியும் அதே கதை. இந்த ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று 1974-ல் ரக்கர், ஹாரிசன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். மருந்துப் பொடியைக் கரைப்பதும், குழாயில் காற்றுக்குமிழி நிற்காமல் பார்ப்பதும், முடிந்ததும் அடைக்காதபடி குழாயை அலசிவிடுவதும் நர்ஸ் கையிலிருந்து வீட்டார் கைக்கு மாறின.

வீட்டில் வைத்தியம் என்பது புதிதல்ல. சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஈடாக வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் காசநோய் குணமாகிறது என்று 1959-லேயே மதராஸில் நடந்த ஓர் ஆய்வு காட்டியிருந்தது. ஆனால் அது வாய்வழி மருந்து. பென்சிலின் ஊசியோ ரத்தத்தில் அதிக நேரம் தங்காது. கடுமையான தொற்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஏற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்து போடுவது?

1984 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃப்ட்ரையாக்சோன் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே சுமார் 8 மணி நேரம் ஆகும். பெரும்பாலும் நாளைக்கு ஒரு ஊசி போதும். நர்ஸ் வந்து போட்டுவிட்டுப் போகலாம், நோயாளி வேலைக்கும் போகலாம்.

கோளாறும் அங்கேதான் ஆரம்பித்தது. கிருமிக்கு எது பொருத்தம் என்பதைவிட, எது ஒரே வேளையில் முடியும் என்பதே மருந்தைத் தீர்மானித்தது. கால் சிவந்து வீங்கும் செல்லுலைடிஸுக்கு பிரிட்டனில் வழக்கமான மருந்து ஃப்ளூக்ளாக்சசிலின். சில கிருமிகளை மட்டும் குறிவைப்பது, ஆனால் நாளைக்கு நான்கு தரம் போட வேண்டும். செஃப்ட்ரையாக்சோன் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்தே சாய்க்கும். காலியான இடத்தில் டிஃபிசைல் என்ற கிருமி பெருகிக் கடும் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடலாம். சௌகரியத்துக்கு இது கொஞ்சம் அதிக விலைதான்.

கடிவாளம் மெல்லத்தான் விழுந்தது. 1997-ல் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கமும் 2012-ல் பிரிட்டன் நிபுணர்களும் வீட்டு ஊசிக்கு நெறிமுறை வகுத்தார்கள். மின்சாரமே இல்லாமல், பலூன் சுருங்கும் விசையில் நாள் முழுக்க மருந்தைச் செலுத்தும் பம்பு வந்தபின் பென்சிலினைக்கூட வீட்டுக்கு அனுப்ப முடிந்தது.

பிறகு, ஊசியே தேவையா என்ற கேள்வி. எலும்பு, மூட்டுத் தொற்றுள்ள 1,054 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த 'ஓவைவா' ஆய்வு 2019-ல் வெளியானது. முதல் ஆறு வாரம் ஒரு பாதிக்கு ஊசி, மறு பாதிக்குத் தொற்றுநோய் நிபுணர் தேர்ந்த மாத்திரை. ஓராண்டில் சிகிச்சை தோற்றது ஊசியில் 14.6 சதவீதம், மாத்திரையில் 13.2. நரம்புக் குழாயால் தொல்லைப்பட்டவர்கள் ஊசிப் பிரிவில் 9.4 சதவீதம், மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு ஒருவர்.