இசட்/விஎம் லினக்ஸில் இரண்டாம் வலையமைப்பு இடைமுகம்

மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினிகளில், ஐபிஎம் நிறுவனத்தின் இசட்/விஎம் மெய்நிகராக்க மென்பொருளின் மீது லினக்ஸ் ஒரு விருந்தினர் இயங்குதளமாக இயங்கக்கூடியது. இவ்விருந்தினருக்கு வழங்கப்பட்ட இரண்டாவது வலையமைப்பு இடைமுகம் லினக்ஸில் தோன்றாமைக்குப் பல காரணங்கள் உள்ளன. இடைமுகம் எந்த நிலையில் காணாமற்போனது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பின்னணி

பெருங்கணினிகளுக்கான லினக்ஸ் திருத்தங்களை ஐபிஎம் 1999 டிசம்பரில் வெளியிட்டது. இசட்/விஎம் 4.4 பதிப்பில் (2003) மெய்நிகர் சுவிட்ச் அறிமுகமானது. பல விருந்தினர்கள் இதன் வழியாக ஒரே வன்பொருள் அட்டையைப் பகிர்ந்து கொள்கின்றனர்.

அமைப்பு

கியூஎத் இயக்கி பயன்படுத்தும் ஒவ்வோர் இடைமுகமும் மூன்று சாதனங்களால் ஆனது. அவை படித்தல், எழுதுதல், தரவு ஆகியவற்றுக்கு உரியவை. எடுத்துக்காட்டாக, முதல் இடைமுகம் 0600, 0601, 0602 ஆகிய எண்களையும், இரண்டாவது 0700, 0701, 0702 ஆகிய எண்களையும் பெறலாம். இம்மூன்றும் ஒரு குழுவாக்கப்பட்டு, இயங்குநிலைக்குக் கொண்டுவரப்பட்ட பின்னரே இடைமுகம் தோன்றும்.

காரணத்தைக் கண்டறிதல்

* அட்டை உருவாக்கப்படாமை: லினக்ஸிலிருந்தே விஎம்சிபி கருவி மூலம் "குவெரி விர்ச்சுவல் நிக்" கட்டளையை இட்டு இதனை அறியலாம். பயனர் கோப்பகத்தில் "நிக்டெஃப்" வரியைச் சேர்த்திருந்தாலும், மெய்நிகர் இயந்திரம் வெளியேறி மீண்டும் உள்நுழையும்போதே அது நடைமுறைக்கு வரும். லினக்ஸை மறுதொடக்கம் செய்தல் மட்டும் போதாது.
* புறக்கணிப்புப் பட்டியல்: கருனியின் "சிஐஓ இக்னோர்" பட்டியலில் உள்ள சாதனங்களை லினக்ஸ் கண்டுகொள்வதில்லை. தேவையான எண்களை அதிலிருந்து நீக்க வேண்டும்.
* குழுவாக்கப்படாமை: இசட்நெட்கான்ஃப் கருவி, இன்னும் அமைக்கப்படாத வலையமைப்புச் சாதனங்களைப் பட்டியலிடும்.
* பெயர் வேறுபாடு: "எத்1" என எதிர்பார்க்கப்படும் இடைமுகம், புதிய வழங்கல்களில் சாதன எண்ணைக் கொண்டு "இஎன்சி700" போன்ற பெயரில் இருக்கலாம்.

இடைமுகம் தோன்றியும் தரவு செல்லாவிடின், அட்டை மெய்நிகர் சுவிட்சுடன் இணைக்கப்பட்டுள்ளதா, அதனைப் பயன்படுத்த விருந்தினருக்கு அனுமதி உள்ளதா, இருபுறமும் ஒரே அடுக்கில் (அடுக்கு 2 அல்லது அடுக்கு 3) இயங்குகின்றனவா என்பவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

நிலைபெறச் செய்தல்

"டிஃபைன் நிக்" கட்டளையால் உருவாக்கிய அட்டை, மெய்நிகர் இயந்திரம் வெளியேறியதும் மறைந்துவிடும். இசட்நெட்கான்ஃப் செய்யும் மாற்றமும் லினக்ஸின் மறுதொடக்கத்திற்குப் பின் நிலைப்பதில்லை. ஆகவே இன்று சரியாக இயங்கும் இடைமுகம், பல மாதங்களுக்குப் பின் நிகழும் பராமரிப்பின்போது மீண்டும் காணாமற்போகக்கூடும். இதனைத் தவிர்க்க, இசட்/விஎம்மில் "நிக்டெஃப்" வரியையும், லினக்ஸில் சிஎச்இசட்டெவ் கருவியின் நிலையான அமைப்பையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

முதல் இடைமுகத்தின் எண்களைத் தவறுதலாக மாற்றினால் தொலைநிலைத் தொடர்பு துண்டிக்கப்படும். எனவே 3270 முனையத்தின் வழியாக விருந்தினரின் கன்சோலை அணுக முடிகிறதா என்பதை முன்னரே உறுதி செய்துகொள்வது நன்று.