மூடிய பாட்டிலுக்குள் ஒரு பெரணி

போன சித்திரையில் என் அறையிலிருந்த பெரணி காய ஆரம்பித்தது. இலை நுனிகள் பழுப்பாகி, தொட்டால் அப்பளம்போல நொறுங்கின. அம்மா போனில் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "தண்ணி ஊத்துறியா இல்லியாடி?" ஊற்றினேன். இன்னும் ஊற்றினேன். வேர் அழுகும் வாடை வந்தபிறகுதான் உறைத்தது: பிரச்சினை மண்ணில் இல்லை, ஏசி உலர்த்திவிட்ட காற்றில்.

நதேனியல் பாக்ஷா வார்டுக்கும் காற்றுதான் எதிரி. லண்டனின் கிழக்கே, கப்பல்துறையை ஒட்டிய வெல்க்ளோஸ் சதுக்கத்தில் மருத்துவராக இருந்தவர். பெரணிப் பித்து. வீட்டுத் தோட்டத்தில் பாறைகளை அடுக்கி, பெரணியும் பாசியும் நட்டுப் பார்த்தார். எல்லாம் செத்தன. காரணம், சுற்றியிருந்த ஆலைகளின் நிலக்கரிப் புகை.

1829இல் அவர் கவனம் வேறொன்றில் இருந்தது. ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் புதைத்து, கண்ணாடிப் பாட்டிலில் வைத்து மூடி, பூச்சி வெளிவரக் காத்திருந்தார். பூச்சிக்கு முன்னால் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்துவிட்டன. தோட்டத்தில் தலைகீழாக நின்றும் வளராத பெரணி! பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது, மறுபடி மண்ணுக்கே வழிந்தது. கரி உள்ளே வர வழியில்லை. ஏறக்குறைய நான்கு வருஷம், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் அவை உயிரோடிருந்தன. அவர் வீட்டில் இல்லாத சமயம் மூடி துருப்பிடித்து, மழைநீர் இறங்கி, இரண்டும் செத்துப்போயின. தண்ணீரால்தான் செத்தன என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, குற்றவுணர்ச்சியும் வந்தது.

1833இல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை அடைத்து சிட்னிக்குக் கப்பலேற்றினார். மாதக்கணக்கான பயணம். பெரும்பாலானவை பிழைத்தன. திரும்பும்போது அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் பச்சையாகவே வந்திறங்கின. அப்புறம் பேரரசு சும்மா இருக்குமா? சீனத் தேயிலையை ராபர்ட் ஃபார்ச்சூன் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இந்தப் பெட்டிகளில்தான்.

நமக்கு நெருக்கமானது சிங்கோனா கதை. மலேரியாவுக்கான கொய்னா மருந்து அதன் பட்டையில்தான் இருக்கிறது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கன்றுகள் வழியிலேயே வெயிலில் வாடின. ஊட்டி வந்துசேர்ந்தும் தேறவில்லை. அடுத்த வருஷம் ராபர்ட் கிராஸ் ஈக்வடாரிலிருந்து கொண்டுவந்தவை தேறின. ஊட்டி அரசுப் பூங்காவின் மெக்ஐவர், வந்த கன்றுகளிலிருந்து துண்டு வெட்டி நட்டு, ஆயிரக்கணக்கில் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. சோலைக்காடு போனது. நடுவட்டத்தில் வேலைக்குச் சிறைக்கைதிகளைக் கொண்டுவந்தார்கள். கன்று சுமந்த துரைகளின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. குழி வெட்டிய ஒருவர் பெயரைக்கூட நான் எங்கும் படித்ததில்லை.

என் பெரணிக்கு வருகிறேன். அழுகிய வேரை வெட்டிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு இலைகளோடு, கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டிலில் புது மண் போட்டு நட்டேன். லேசாக ஈரம் தெளித்து மூடி, நேர்வெயில் படாத ஜன்னலோரம் வைத்தேன். ஒரு முறை உள்ளே பூஞ்சை தெரிந்ததால் அரைநாள் திறந்துவைத்தேன், அவ்வளவுதான். மூன்றாம் வாரம் நத்தைபோலச் சுருண்ட தளிர் ஒன்று எட்டிப்பார்த்தது. அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன்.

"தண்ணி ஊத்துனியா?" என்றாள்.