லயத்துக் கொல்லையில் பூத்த சமையல்

பூவைச் சமைத்துச் சாப்பிடுவதா என்று இன்றைய பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். அதே பிள்ளைகள் காலிபிளவர் வறுவலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதுவும் ஒரு பூ என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. பிரியாணியில் கிடக்கும் கிராம்பு, விரியாமல் காய்ந்த மொட்டு. வாழைப்பூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பெயரிலேயே பூ இருக்கிறது.

தமிழர் வீட்டுச் சமையலில் பூவுக்கு நெடுங்காலமாகவே இடம் உண்டு. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்ற பழமொழியை நாம் கேலிக்காகப் பயன்படுத்துகிறோம். ஆனால் இலுப்பைப்பூவின் இனிப்பை நம்பிக் காலம் தள்ளிய ஊர்கள் இருந்தன என்ற செய்தியும் அதற்குள் இருக்கிறது. அகநானூற்றில் 'இருப்பை' என்று வருவது இந்த மரம்தான். அதன் பூவைத் தின்னக் கரடிகள் வரும் காட்சியை அங்கே காணலாம்.

இந்தப் பழக்கம் கடல் கடந்து நெகிரி செம்பிலானுக்கு வந்த கதை நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

சிரம்பானை ஒட்டியுள்ள ராசா, 19ஆம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கங்களால் அறியப்பட்ட இடம். 1874இல் சுங்கை ஊஜோங் பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து ரயில் ஓடத் தொடங்கியது. முதலில் காப்பி பயிரிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்மரம் வந்து மற்றதையெல்லாம் தள்ளிவிட்டது. ராசாவைச் சுற்றி மம்பாவ், லாபு, ரந்தாவ், சிலியாவ் என்று போகும் பாதைகளில் எல்லாம் தோட்டங்கள். கங்காணிகள் மூலம் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

அவர்கள் சாப்பிட்டது என்ன? 1920களின் இறுதியில் மேற்குக்கரைத் தோட்டங்கள் பலவற்றில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அரிசியும் பருப்பும் கருவாடும் கடையில் பற்று எழுதி வாங்க வேண்டியவை. காய்கறிக்கு லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலம்தான் கதி. குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் பயிரிட ஒதுக்க வேண்டும் என்று அன்றைய தொழிலாளர் சட்டம் சொன்னது. நாலு முருங்கை, ஒரு வாழைக் குலம், வேலியோரம் அகத்தி, தரையில் பரங்கிக்கொடி. அவ்வளவுக்குத்தான் அந்த நிலம் காணும்.

அத்தனை சிறிய இடத்தில் எதையும் வீணாக்க முடியாது. வாழைத்தார் போட்டால் காய்க்குக் காத்திருக்க வேண்டும்; பூ முன்னதாகவே கைக்கு வந்துவிடும். பிஞ்சுகள் விட்டு முடிந்ததும் நுனிப் பூவை ஒடித்துவிட்டால் தாருக்கும் கெடுதல் இல்லை. பரங்கிக்கொடியில் ஆண் பூக்கள் காய்ப்பதில்லை. மகரந்தத்துக்குச் சிலவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைப் பறித்துப் பருப்போடு சேர்த்தார்கள். முருங்கைப்பூ கீழே உதிர்வதற்குள் ஒரு பிடி பறித்து முட்டையோடு வதக்கினால் ஒரு வேளைக் குழம்புச் செலவு மிச்சம். அகத்திப்பூவின் நடு நரம்பைக் கிள்ளி எறிந்தால் கசப்பு குறையும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்து வந்ததல்ல.

வாழைப்பூ வேலை கொஞ்சம் பொறுமையைக் கேட்கும். சிவந்த மடல்களை ஒவ்வொன்றாக நீக்கி, சிறு பூக்களைச் சீப்பாக எடுத்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் தீக்குச்சி போன்ற நரம்பையும் கண்ணாடி போன்ற செதிலையும் பிடுங்க வேண்டும். கையில் எண்ணெய் தடவாவிட்டால் கறை ஒட்டிக்கொள்ளும். நறுக்கியதை மோர் கலந்த நீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, பால் சுமந்து திரும்பிய பெண்கள் இதையும் செய்தார்கள். அன்றைய தோட்டத்து அறிக்கைகளில் எத்தனை ராத்தல் ரப்பர் என்ற கணக்கு இருக்கும். இந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியவர்களுக்குக் கூலி வெட்டு. அதைவிடக் கொடிய காலம் 1941 டிசம்பரில் தொடங்கிய ஜப்பானியர் படையெடுப்போடு வந்தது. வெளியிலிருந்து வந்த அரிசி குறைந்து, மரவள்ளிக் கிழங்கே சோறானது. ஆண்களில் பலர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும் எண்ணிக்கையில் திரும்பி வரவே இல்லை. லயத்தில் அடுப்பை எரியவைத்தவர்கள் பெண்களே. அப்போது பூவும் தண்டும் கீரையும் ருசிக்காகச் சமைக்கப்படவில்லை. பசிக்காகச் சமைக்கப்பட்டன.

அக்கம்பக்கத்துக் கம்பத்துச் சமையலிலும் பூ உண்டு. வாழைப்பூவை மலாய்க்காரர்கள் 'ஜந்தோங் பீசாங்' என்பார்கள், அதாவது வாழையின் இதயம். நெகிரி செம்பிலானின் பெருமையான காந்தாரி மிளகாய்த் தேங்காய்ப்பால் குழம்பில் அதையும் சேர்ப்பார்கள். சங்குப்பூவில் நீலச் சாயம் எடுத்துச் சோற்றுக்கு நிறம் கொடுப்பது கிளந்தான் வழக்கம். லக்சாவில் மணக்கும் 'புங்கா கந்தான்' இஞ்சி இனத்துப் பூமொட்டு.

நேயர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முருங்கையும் வேம்பும் இந்தியாவிலிருந்து வந்தவை என்பது சரி. ஆனால் வாழையின் தாயகம் தென்கிழக்காசியாவும் நியூகினியும் சேர்ந்த பகுதி. கிராம்பு மலுக்கு தீவுகளுக்கு உரியது. அகத்தியையும் இந்தப் பக்கத்து மரம் என்றே தாவரவியலார் கருதுகிறார்கள்; மலாயில் அதற்குத் 'தூரி' என்று பெயர். சங்குப்பூவின் தாவரவியல் பெயரில்கூட தெர்னாத்தே தீவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரிலிருந்து நாம் கொண்டுவந்தோம் என்று நினைக்கும் சமையலில் பாதி, என்றோ இங்கிருந்து அங்கே போய்விட்டுத் திரும்பி வந்தது!

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ராசா வட்டாரத்தில் வீடமைப்புப் பகுதிகள் பெருகின. லயத்தை விட்டு வெளியேறியவர்களில் பலருக்கு அடுக்குமாடி வீடுதான் கிடைத்தது. அங்கே கொல்லை ஏது? முருங்கை போனதோடு முருங்கைப்பூவும் போயிற்று. இன்று பெரிய ஹோட்டல்களில் தட்டின் ஓரத்தில் இரண்டு பூவை வைத்து விலையைக் கூட்டுகிறார்கள். அதை நாகரிகம் என்று படம் பிடிப்பவர்கள், பாட்டி செய்த அகத்திப்பூப் பொரியலை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கியவர்கள்தாம்.

மாடி வீட்டிலும் வழி இருக்கிறது. சங்குப்பூக்கொடி ஒரு தொட்டியிலேயே படரும். செம்பருத்தி, அதாவது 1960இல் நாட்டின் தேசிய மலரான புங்கா ராயா, தொட்டியில் நன்றாக வளரும். இதழை வெந்நீரில் ஊறவைத்து எலுமிச்சை பிழிந்தால் சர்பத் தயார். ஆனால் சாலையோரம் அழகுக்கு நட்ட அரளியைத் தொட வேண்டாம், அது முழுக்க நஞ்சு. கடையில் மாலைக்கு விற்கும் பூவும் சமையலுக்கு ஆகாது. பூச்சிமருந்து தெளித்திருப்பார்கள். அடையாளம் உறுதியாகத் தெரியாத பூ எதுவானாலும் அடுப்புக்குப் போகக்கூடாது.

வேப்பம்பூவுக்கு மட்டும் இங்கே சற்றுச் சிரமம். வேம்பு நன்றாகப் பூக்க வறட்சி வேண்டும். அதனால் பெர்லிஸ், கெடா, பினாங்கு போன்ற வடக்குப் பகுதிகளில் அது செழிக்கிற அளவுக்கு மழை மிகுந்த இடங்களில் செழிப்பதில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு மாங்காயும் வெல்லமும் சேர்த்துப் பச்சடி வைக்க, மளிகைக் கடையில் தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்ந்த பூப் பொட்டலம்தான் கைகொடுக்கிறது. நெய்யில் கருகாமல் வறுத்துக் கடைசியில் தூவ வேண்டும். முன்னதாகப் போட்டால் பச்சடி முழுதும் கசந்துவிடும்.